ஒரு பிள்ளைக்குள் மூன்று வயது

அந்தப் பையனுக்கு அப்போது ஏழு வயது. குதிரை வரைந்துகொண்டிருந்தான். பாய்ந்து ஓடுகிற குதிரை. முன்னங்கால் எங்கே மடங்க வேண்டும், பிடரி எந்தப் பக்கம் பறக்க வேண்டும் என்பதெல்லாம் அவன் மனதில் அச்சுப்போல இருந்தது. வாயால் விவரித்தும் காட்டினான். பென்சிலைப் பிடித்திருந்த கைக்கோ ஏழு வயதுதான். தாளில் வந்து நின்றது நான்கு குச்சிகளின் மேல் வைத்த தலையணை. அழித்தான், வரைந்தான், மறுபடி அழித்தான். அழித்த இடம் மெலிந்து ஓட்டை விழுந்து, அடியிலிருந்த மேசை தெரிந்தது. தாளைக் கசக்கி எறிந்துவிட்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்து விம்மி விம்மி அழ ஆரம்பித்தான். அன்று காலையில்தான் என்னை உட்காரவைத்துக் கருந்துளை பற்றிக் கால் மணி நேரம் பாடம் நடத்தியிருந்தான்.

"இவ்வளவு விஷயம் தெரிந்த பிள்ளை ஒரு படத்துக்காக இப்படி அழலாமா?" என்று அங்கிருந்த பெரியவர் ஒருவர் கேட்டார். நம்மில் பலரும் கேட்கக்கூடிய கேள்விதான். ஆனால் கருந்துளையைப் புரிந்துகொள்ளும் மூளைக்கும் ஏமாற்றத்தைத் தாங்கும் மனதுக்கும் இடையே எந்த ஒப்பந்தமும் கிடையாது. முன்னது ஓடுகிறது என்பதற்காகப் பின்னதும் கூடவே ஓடிவராது. மீத்திறன் மிக்க பிள்ளைகளின் உணர்ச்சித் தேவைகள் என்று உளவியலாளர்கள் பேசுவதில் பெரும்பகுதி இந்த இடைவெளியைப் பற்றியதுதான்.

மீத்திறன் என்பது பாடநூல் சொல். வீட்டில் புழங்கும் சொற்கள் வேறு. மனம் குளிர்ந்திருந்தால் கெட்டிக்காரன், சூட்டிகையான பெண். எரிச்சல் வந்துவிட்டால் அதிகப்பிரசங்கி, பிஞ்சிலே பழுத்தது. ஒரே பிள்ளை ஒரே நாளில் இரண்டு பட்டங்களையும் வாங்குவதுண்டு. காலையில் விருந்தினர் முன் கேட்கச் சொன்ன அதே கேள்வியை மாலையில் கேட்டால் வாயை மூடு என்கிறோம். எது எப்போது பிடிக்கும் என்று தெரியாமல் பிள்ளை முழிப்பதில் வியப்பில்லை.

யாரை மீத்திறன் மிக்கவர் என்பது? பழைய வழி, நுண்ணறிவு ஈவு, அதாவது ஐ.க்யூ. சராசரி 100 என்று வைத்துக்கொண்டால், 130க்கு மேல் வருபவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு பேர். வசதியான எண்தான், ஆனால் அதன் சல்லடையில் ஓட்டைகள் உண்டு. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லூயிஸ் டெர்மன் 1921இல் ஒரு நீண்ட ஆய்வைத் தொடங்கி, உயர்ந்த ஈவு கொண்ட 1,500க்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து வாழ்நாள் முழுதும் பின்தொடர ஏற்பாடு செய்தார். அப்போது சோதிக்கப்பட்டு, போதிய மதிப்பெண் இல்லை என்று விடுபட்ட சிறுவர்களில் வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் அல்வாரெஸும் இருந்தார்கள். ஒருவருக்கு 1956இலும் மற்றவருக்கு 1968இலும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அதனால் எண்ணை ஒரு குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. கணிதம், மொழி, இசை, ஓவியம் என்று ஒரே ஒரு துறையில் மட்டும் வயதை மிஞ்சி நிற்கும் பிள்ளைகளும் இந்தக் கணக்கில்தான் வருகிறார்கள்.

இனி அந்த மூன்று வயதுக்கு வருவோம்.

மூளைக்கு ஒன்று, கைக்கு ஒன்று, மனதுக்கு ஒன்று

லீட்டா ஹாலிங்வொர்த் என்ற அமெரிக்க உளவியலாளர் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், மிக மிக உயர்ந்த நுண்ணறிவு ஈவு கொண்ட பிள்ளைகளைப் பல ஆண்டுகள் கவனித்தார். அவருக்கு முன்பு பலரும் இந்தப் பிள்ளைகளின் மதிப்பெண்ணைப் பார்த்தார்கள். அவர் அவர்களுடைய விளையாட்டையும் சண்டையையும் தனிமையையும் பார்த்தார். பெரியவருடைய அறிவும் குழந்தையின் உணர்ச்சிகளும் ஒரே சின்ன உடம்பில் குடியிருப்பதால் சில சிக்கல்கள் வருகின்றன என்று அவர் எழுதினார். 4 முதல் 9 வயது வரைதான் மிகவும் கடினமான காலம் என்பதும் அவர் கண்டது. பின்னால் 1991இல் ஆய்வாளர்களும் பெற்றோரும் சேர்ந்த ஒரு சிறு குழு மீத்திறனுக்குப் புதிய வரையறை ஒன்றையே எழுதியது. "எவ்வளவு சாதிக்கிறார்கள்" என்பதை அது விட்டுவிட்டது; ஒத்திசைவற்ற வளர்ச்சியை, அதாவது ஒருவருக்குள்ளேயே அறிவும் உடலும் உணர்ச்சியும் வேறு வேறு வேகத்தில் வளர்வதை, மையத்தில் வைத்தது.

சொல் கனமாக இருக்கிறது. ஆனால் நடைமுறையில் பார்த்தால் மிக எளிது. நம் குதிரைக்காரப் பையனுக்குப் பேச்சில் பன்னிரண்டு வயது. கைக்கு ஏழு வயது. தோல்வியைத் தாங்குவதில், அன்று களைப்பும் சேர்ந்திருந்ததால், ஐந்து வயது. பெரியவர்கள் செய்யும் தவறு, எந்த வயது அதிகச் சத்தம் போடுகிறதோ அதையே பிள்ளையின் உண்மையான வயதாக எடுத்துக்கொள்வது. பன்னிரண்டு வயதுப் பேச்சு காதில் விழுந்துகொண்டே இருப்பதால், அவனிடம் பன்னிரண்டு வயதுப் பொறுமையையும் எதிர்பார்க்கிறோம். அது கிடைக்காதபோது "உனக்கே தெரியாதா?" என்கிறோம். அவனுக்குத் தெரியும்தான். அழக்கூடாது என்பது வரை தெரியும். தெரிந்தும் அழுகை நிற்கவில்லை என்பதால் கூடவே ஒரு வெட்கமும் சேர்ந்துகொள்கிறது.

இதே இடைவெளி இரவில் வேறு உருவம் எடுக்கும். ஆறு வயதுப் பெண் குழந்தை விளக்கை அணைத்த பிறகு கேட்கிறாள்: "சூரியன் ஒருநாள் அணைந்துபோய்விடும்தானே?" ஆமாம், இன்னும் ஏறக்குறைய 500 கோடி ஆண்டுகள் ஆகும் என்று அம்மா சொல்கிறார். சரியான விடை. ஐந்து நிமிடம் கழித்துத் தலையணைக்குள் முகம் புதைத்து அழுகை. 500 கோடி என்பது எவ்வளவு பெரியது என்று அவளுக்குத் தெரியும். அது அவளுக்கு ஆறுதலாக இல்லை. முடிந்துவிடும் என்ற சொல்தான் உள்ளே இறங்கியிருக்கிறது. சாவு, போர், அநீதி, பட்டினி என்று எல்லாவற்றிலும் இது நடக்கும். அறிவு அந்தச் செய்தியை உள்ளே அனுமதித்துவிடுகிறது, உள்ளே அதற்கு உட்கார இடம் இல்லை. இந்த நேரத்தில் மேலும் வானியல் சொல்லிக்கொடுப்பது வீண். "ஆமாம், நினைத்தால் எனக்கும் ஒருமாதிரி இருக்கிறது" என்று சொல்லிப் பக்கத்தில் படுத்துக்கொள்வது உதவும். "உன் வயசுக்கு இதெல்லாம் எதற்கு?" என்று கேட்பது மட்டும் கூடவே கூடாது. கேள்வி நிற்காது, நம்மிடம் கேட்பது நின்றுவிடும்.

சட்டையின் கழுத்து லேபிள்

சில பிள்ளைகளுக்குச் சட்டையின் பின்கழுத்து லேபிள் உறுத்தினால் அன்றைய நாளே பாழ். சிலர் கதையில் வரும் நாய் செத்துப்போனதற்கு மூன்று நாள் துக்கம் காப்பார்கள். சிலரால் உட்கார்ந்து யோசிக்கவே முடியாது, நடந்துகொண்டே இருக்க வேண்டும். போலந்து நாட்டு மனநல மருத்துவர் கசிமியெஷ் டொம்ப்ரோவ்ஸ்கி (1902–1980) இதற்கு ஒரு சட்டகம் கொடுத்தார். உடலியக்கம், புலன்கள், அறிவு, கற்பனை, உணர்ச்சி ஆகிய ஐந்து வழிகளில் சிலருக்குத் தூண்டல் மிகையாக ஏறுகிறது என்றார். மற்றவர்களுக்குத் தூறலாகத் தெரிவது இவர்களுக்கு அடைமழை.

மீத்திறன் பற்றிப் பேசுகிற பெற்றோர் வட்டங்களில் இந்த ஐந்தும் கிட்டத்தட்ட வேதவாக்கு. எனக்குச் சற்றுத் தயக்கம் உண்டு. மீத்திறன் உள்ள எல்லோருக்கும் இந்த மிகைத்தூண்டல் இருக்கும் என்று ஆய்வுகள் உறுதியாகக் காட்டவில்லை. தவிர, இப்படியொரு பட்டியல் கையில் கிடைத்தால் பிள்ளையின் ஒவ்வொரு அடத்துக்கும் அதில் ஒரு பெயர் தேடுவோம். ஆனாலும் சட்டகத்துக்கு ஒரு பயன் உண்டு: லேபிளை வெட்டியெறிவது செல்லம் கொடுப்பதாகிவிடுமோ என்று தயங்கும் அப்பாவுக்கு அது தைரியம் கொடுக்கிறது.

இங்கேயே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மீத்திறனும் கற்றல் சிரமமும் ஒரே பிள்ளையிடம் இருக்கலாம். டிஸ்லெக்சியா எனும் வாசிப்புச் சிரமம் உள்ள பிள்ளை தன் கூர்மையான நினைவாற்றலால் வாசிக்கத் தெரிந்ததுபோலவே சில ஆண்டுகள் ஓட்டிவிடும். அறிவு சிரமத்தை மறைக்கும், சிரமம் அறிவை மறைக்கும், வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சுமாரான, கொஞ்சம் சோம்பேறியான மாணவர் தெரிவார். ஏடிஹெச்டி எனும் கவனக்குறைவு-மிகைத்துடிப்பு, ஆட்டிசம் ஆகியவற்றிலும் இப்படித்தான். "புத்திசாலிப் பிள்ளை, அதனால்தான் துறுதுறு" என்று நாமே தீர்ப்பு எழுதிவிடாமல், இரண்டையும் அறிந்த நிபுணரிடம் காட்டுவது அவசியம்.

பாராட்டு என்னும் பாரம்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். தெரியட்டும். தெரிந்ததிலிருந்து முளையிடமே நெல் கேட்க ஆரம்பிக்கிறோமே, அதுதான் தொல்லை.

1998இல் உளவியலாளர்கள் கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் வெளியிட்ட ஆய்வு ஒன்று பலமுறை எடுத்துச் சொல்லப்பட்டது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சில புதிர்கள் கொடுத்தார்கள். முடித்ததும் ஒரு பிரிவினரிடம் "நீ புத்திசாலி" என்றும், இன்னொரு பிரிவினரிடம் "நன்றாக உழைத்திருக்கிறாய்" என்றும் சொன்னார்கள். அடுத்து என்ன வேண்டும் என்று கேட்டபோது, புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்கள் தங்களை நன்றாகக் காட்டும் எளிய புதிர்களின் பக்கமே சாய்ந்தார்கள். பிறகு வேண்டுமென்றே கடினமான புதிர்களைக் கொடுத்துத் தோற்கவைத்ததும், அவர்களுடைய ஆட்டம் முன்பைவிடக் கீழே இறங்கியது. மதிப்பெண்ணை எழுதித் தரச் சொன்னபோது கூட்டிப் போட்டவர்களும் அவர்களிடையேதான் அதிகம். புத்திசாலி என்ற பெயரைக் காப்பாற்றப் பொய் சொல்லும் அளவுக்கு அந்தப் பெயர் கனமாகிவிட்டது.

சாதாரணப் பிள்ளைக்கு இந்தப் பாராட்டு எப்போதாவது கிடைக்கும். மீத்திறன் உள்ள பிள்ளைக்குக் காலை, மாலை, உறவினர் வீடு, பள்ளி என்று எங்கு போனாலும் கிடைக்கும். நாளடைவில் தன்னை நேசிப்பதே இதற்காகத்தான் என்று அது முடிவுகட்டிக்கொள்கிறது. பிறகு தெரியாத எதையும் தொடாது. சைக்கிள் கற்க மறுக்கும், ஏனென்றால் முதல் நாள் விழ வேண்டியிருக்கும். இதைப் பார்த்துத் திமிர் என்கிறோம். பெரும்பாலும் அது பயம்.

அமெரிக்கக் கணிதவியலாளர் நார்பர்ட் வீனர் வாழ்க்கையில் இது எதிர்த்திசையிலிருந்து வந்தது. 14 வயதில் பட்டம், 18 வயதில் ஹார்வர்டில் முனைவர் பட்டம். பின்னாளில் சைபர்நெடிக்ஸ் என்ற, எந்திரங்களிலும் உயிர்களிலும் கட்டுப்பாடும் தகவல் பரிமாற்றமும் நடக்கும் விதத்தை ஆராயும் துறையைத் தோற்றுவித்தவர். அவருடைய அப்பா பத்திரிகைகளில் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: என் பையன் சாதாரணப் பையன்தான், என் பயிற்சிதான் அவனை இப்படி ஆக்கியது. ஏதோ அடக்கமான பேச்சுப்போலத் தோன்றும். பையன் அதை எப்படிப் படித்தான் என்பதை வீனர் 1953இல் எழுதிய தன்வரலாற்றில் சொல்கிறார்: வென்றால் அப்பாவின் வெற்றி, தோற்றால் என்னுடைய தோல்வி.

வீனர் ஹார்வர்டில் சேர்ந்த அதே 1909இல் அங்கே சேர்ந்த இன்னொரு சிறுவன் வில்லியம் ஜேம்ஸ் சிடிஸ். அப்போது அவனுக்கு 11 வயது. சில மாதங்களில் கணிதப் பேராசிரியர்கள் முன்னால் நான்கு பரிமாண உருவங்கள் பற்றி உரை நிகழ்த்தினான், நாளிதழ்கள் கொண்டாடின. வளர்ந்த சிடிஸ் கேட்டது ஒன்றே ஒன்று, தன்னைச் சும்மா விட வேண்டும். சாதாரண எழுத்தர் வேலைகள் பார்த்தார், டிராம் டிக்கெட்டுகள் சேகரித்தார். 1937இல் ஒரு பத்திரிகை அவரைத் தேடிப்பிடித்து, பழைய மேதை இன்று எப்படி இருக்கிறார் பாருங்கள் என்கிற தொனியில் எழுதியது. வழக்குப் போட்டார். பொதுமக்களுக்கு அவரைப் பற்றி அறியும் ஆர்வம் நியாயமானதே என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1940இல் சொல்லிவிட்டது. "வீணாய்ப்போன மேதை" என்று அவரைச் சொல்பவர்கள் உண்டு. டிராம் டிக்கெட் சேகரித்து ஒரு மனிதர் நிம்மதியாக இருந்தால் அது எப்படி வீண் ஆகும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

துணை

மேதை என்றால் நோஞ்சான், கிறுக்கு, சீக்கிரம் உதிர்ந்துவிடும் பிஞ்சு என்று முன்பு ஒரு நம்பிக்கை இருந்தது. டெர்மனின் ஆய்வு அதை உடைத்தது: அவருடைய பிள்ளைகள் சராசரியாக உடல்நலத்திலோ மனநலத்திலோ குறைந்துபோகவில்லை. பின்னால் வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் இதையே சொல்கின்றன. அப்படியானால் தனிமை எங்கிருந்து வருகிறது? ஹாலிங்வொர்த்தின் விடை எனக்குச் சரியாகப் படுகிறது. ஓரளவு மேலே இருப்பவர்களுக்குச் சுற்றி ஆட்கள் கிடைப்பார்கள். மிக உச்சத்தில் இருப்பவர்களுக்குத்தான் ஆட்கள் அரிது. தன் வயதுக் கூட்டத்தில் விதிகள் நிறைந்த புது விளையாட்டை உண்டாக்கி, யாரும் சேராமல், கடைசியில் தனியே விளையாடும் பிள்ளையைக் கவனித்திருப்பீர்கள். அதற்குப் பழகத் தெரியாமல் இல்லை. அதன் மொழியில் பேச ஆள் இல்லை.

நண்பர்கள் வேண்டும் என்பதற்காகச் சிலர் தங்களைக் குறைத்துக்கொள்வார்கள். தெரிந்த விடைக்குக் கை தூக்க மாட்டார்கள், வேண்டுமென்றே இரண்டு கேள்விகளைத் தப்பாக எழுதுவார்கள். பதின்பருவத்துப் பெண்களிடம் இது அதிகம் பேசப்பட்ட விஷயம். ஆஸ்திரேலிய ஆய்வாளர் மிராகா கிராஸ் இதை ஒரு கட்டாயத் தேர்வு என்றார்: ஒன்று திறமையைக் காட்டித் தனியாக இரு, அல்லது மறைத்து நட்பைப் பெறு.

தீர்வு எளியது, பள்ளிகளுக்குத்தான் பிடிப்பதில்லை. ஒரே நண்பர் எல்லாவற்றுக்கும் பொருந்த வேண்டியதில்லை. ஓடிப் பிடிக்க ஒத்த வயது, சதுரங்கத்துக்கு நான்கு வயது மூத்தவர், பூச்சிகளைப் பற்றிப் பேச அறுபது வயதுத் தாத்தா. வகுப்பும் அப்படி இருக்கலாம். கணிதமேதை டெரன்ஸ் டாவ் சிறுவனாக இருந்தபோது அடிலெய்டில் வெவ்வேறு பாடங்களை வெவ்வேறு வகுப்புகளில் படித்தார்; கணிதத்தில் மட்டும் பல வகுப்புகள் முன்னே. ஓர் ஒட்டுமொத்தத் தாவலைவிட இப்படிப் பாடத்துக்குப் பாடம் அளவெடுத்துத் தைப்பது, தனக்குள் மூன்று வெவ்வேறு வயதுகளைச் சுமக்கும் பிள்ளைக்குப் பொருந்துகிறது. மேல்வகுப்புக்கு அனுப்பினால் பழக முடியாமல் போய்விடும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. நன்றாக ஆராய்ந்து அனுப்பப்பட்ட பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வுகளில் அப்படிப் பெரிய பாதிப்பு எதுவும் தென்படவில்லை. தெரிந்த பாடத்தையே மறுபடி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் வரும் பாதிப்பைப் பற்றித்தான் யாரும் பயப்படுவதில்லை.

பிள்ளை வளர்ந்த பிறகு

மீத்திறன் பள்ளிச் சான்றிதழோடு முடிந்துபோகும் என்று நினைக்கிறோம். நாற்பது வயதுக்காரர் ஒருவரிடம் "உங்களுக்கு மீத்திறன்" என்று சொன்னால் நெளிவார். தன்னைப் பற்றி அப்படிச் சொல்லிக்கொள்வது தற்பெருமை என்று பழகியிருக்கிறார். பலருக்கு இது தெரியவருவதே தம் பிள்ளையைச் சோதிக்க அழைத்துப்போகும்போதுதான். உளவியலாளர் பிள்ளையின் இயல்புகளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, எதிரே உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்குக் கண் கலங்குகிறது. பேசப்படுவது தன் கதையும்தான்.

அலுவலகக் கூட்டம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது நிமிடத்திலேயே பேச்சு எங்கே போய் முட்டும் என்று ஒருவருக்குத் தெரிந்துவிடுகிறது. சொன்னால் அவசரக்காரர், திமிர் பிடித்தவர். சொல்லாவிட்டால் இன்னும் நாற்பது நிமிடம் நோட்டுப் புத்தக ஓரத்தில் கட்டம் கட்டமாகக் கிறுக்க வேண்டும். வாரத்துக்கு நான்கு கூட்டம், இருபது ஆண்டுகள். வெளியே தெரிவது அலுப்பு, உள்ளே இருப்பது ஒருவிதத் தனிமை. சிறுவயதில் அதிகப்பிரசங்கி என்று கேட்டுக் கேட்டு வாயைக் கட்டிய பழக்கம் அது.

இன்னொரு வகையினர், பள்ளியில் ஒருநாளும் திணறாதவர்கள். திணறலே பழக்கமில்லாததால், கல்லூரியிலோ வேலையிலோ முதன்முதலாகப் புரியாத ஒன்று எதிரே வரும்போது அதை "கடினமான பாடம்" என்று பார்க்க மாட்டார்கள். "என் குட்டு வெளிப்பட்டுவிட்டது" என்று பார்ப்பார்கள். பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1978இல், சாதித்த பெண்கள் 150க்கும் மேற்பட்டோருடன் பழகிய அனுபவத்திலிருந்து இந்த உணர்வை விவரித்தார்கள்: கையில் பட்டமும் பதவியும் இருந்தும், எல்லோரையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம், ஒருநாள் பிடிபடுவோம் என்ற ஓயாத நினைப்பு. ஆண்களுக்கும் இது உண்டு என்பது பின்னால் தெளிவாயிற்று.

இவர்களுக்கு வேண்டியது பெரிதாக எதுவும் இல்லை. வேகத்தைக் குறைக்காமல் பேசக்கூடிய ஓர் ஆள், நேரிலோ தொலைபேசியிலோ. ஐந்து துறைகளில் ஆர்வம் இருந்தால் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி நச்சரிக்காத ஒரு குடும்பம். பிறகு, வாரத்தில் ஒரு மணி நேரம் தனக்குச் சுத்தமாக வராத ஒன்றைச் செய்வது. நீச்சலோ, மண்பானையோ, வேற்று மொழியோ, எதுவானாலும் சரி. வகுப்பிலேயே கடைசியாக இருப்பது எப்படி இருக்கும் என்று நாற்பது வயதில் கற்றுக்கொள்வது முதலில் கூச்சமாக இருக்கும், நான்காம் வாரம் சிரிப்பு வரும்.

மனம் சில வாரங்களாகத் தொடர்ந்து இருண்டுகிடந்தால் அது வேறு கதை. கூர்மையான அறிவு மனச்சோர்வுக்கு வழக்கறிஞராக வாதாடக்கூடியது. வாழ்க்கை ஏன் பொருளற்றது என்பதற்கு மற்றவர்களைவிட அழகான காரணங்கள் சொல்லும். வாதத்தில் தோற்கடிக்க முயலாமல் மனநல மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ அழைத்துச் செல்ல வேண்டும். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் வெப் 1981இல் இதற்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கியது, மீத்திறன் மிக்க ஓர் இளைஞர் தற்கொலை செய்துகொண்ட பிறகுதான். "இவ்வளவு கெட்டிக்காரருக்கு என்ன குறை?" என்று சுற்றியிருப்பவர்கள் நினைப்பதால், இவர்கள் உதவி கேட்பதும் தாமதமாகிறது.

மேசைக்கு அடியில் இருந்த பையனை விட்டுவிட்டேன். அவனுடைய சித்தி குனிந்து, முட்டி போட்டு, உள்ளே போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். சமாதானம் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "முன்னங்கால் தப்பாக மடங்குகிறது" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னான். "எந்தக் கால்?" என்று கேட்டாள். சொல்லிப் பார்த்தான், புரியவைக்க முடியவில்லை. வெளியே தவழ்ந்து வந்து, கைகளை ஊன்றி, ஒரு முழங்கையை மடக்கி, "இப்படி" என்றான். அடுத்த காலைக் காட்ட ஓரடி முன்னே பாய வேண்டியிருந்தது. அதற்கடுத்ததற்கு இன்னும் கொஞ்சம் இடம் வேண்டியிருந்தது. கசங்கிய தாள் அங்கேயே கிடக்க, அன்று மாலை முழுவதும் அந்த வீட்டில் ஒரு குதிரை ஓடிக்கொண்டிருந்தது.